தார்ன்லோவில் நிற்காத வண்டி

போன வாரம் மாவட்டப் பத்திரிகைக்காரன் ஒருவன் என் தபால் அலுவலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "உங்க அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்கம்மா" என்றான். நல்ல வார்த்தை வேண்டுமென்றால் பாதிரியாரிடம் போ என்று விரட்டிவிட்டேன். போனான், கேட்டான், முக்கால் பத்தி எழுதிவிட்டான். 'கடமையே உருவானவர்' என்றும் 'தபால் ரயிலை உயிரினும் மேலாக மதித்தவர்' என்றும் போட்டிருக்கிறான். உயிரினும் மேலாகவாம்! யாருடைய உயிர் என்று எழுதினானா? அதை நான் எழுதுகிறேன்.

என் அண்ணன் ஆம்புரோஸ் கெல்லவே தபாலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் அப்பா ஜைல்ஸ் கெல்லவே, குதிரைக் கோச்சுகள் ஓடிய காலத்தில் தபால் கோச்சின் காவலர். சிவப்புக் கோட்டு, பித்தளைக் கொம்பு, கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி, பூட்டிய பெட்டிக்குள் அரசாங்கக் கடிகாரம். கொம்புச் சத்தம் கேட்டால் சுங்கச்சாவடிக்காரன் படுக்கையிலிருந்து எழுந்து, அரைகுறை உடுப்போடு ஓடிவந்து கதவைத் திறப்பான். தபாலுக்கு வழி விடாதவன் ராஜாவுக்கே வழி விடாதவன் என்று அர்த்தம்.

நான் பிறப்பதற்கு முந்தின குளிர்காலத்தில், ஃபர்ஸ் மேட்டில் கோச் பனிக்குள் புதைந்தது. அப்பா முன்குதிரை ஒன்றை அவிழ்த்தார். தபால் பைகளை அதன் முதுகில் போட்டார். தானும் ஏறிக்கொண்டு போய்விட்டார். காவலருக்கு அதுதான் விதி: வண்டி நின்றாலும் தபால் நிற்கக் கூடாது. கோச்சுக்குள் இருந்த பிரயாணிகளைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் எங்கள் ஊர்த் தையல்காரி ஒருத்தி இருந்தாள். மறுநாள் மீட்டபோது அவளுடைய கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன, வெட்டித்தான் எடுத்தார்கள். அப்பாவுக்கு லண்டனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு பைபிள் இருந்த அலமாரிக்கு மேலே மாட்டினார்கள். அந்தத் தையல்காரி தினமும் எங்கள் சன்னல் வழியாக விந்தி விந்திப் போவாள். நாங்கள் கடிதத்தைப் பார்த்துப் பூரித்தோமே ஒழிய, அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆம்புரோஸ் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தாள் அந்தக் கடிதம்தான்.

மீசை அரும்பும் வயதில் அவன் சுங்கச்சாலை டிரஸ்டின் சர்வேயரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். மூளைக்காரன், அதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் தார்ன்லோவுக்கும் அடுத்த ஊரான மார்ஷ்பிரிட்ஜுக்கும் நடுவே பதினான்கு மைல் சாலை, முக்கால்வாசி சேறு. அதைப் புதிதாகப் போட்டான். வாய்க்குள் அடங்காத கல் சாலைக்கு ஆகாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. கல் உடைக்கிறவர்கள் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்ப்பார்கள். ஆம்புரோஸும் அவர்களோடு உட்கார்ந்து, கன்னம் உப்பக் கல்லை வாயில் போட்டுத் துப்புவான். ஃபர்ஸ் மேட்டின் நெஞ்சைச் செதுக்கிச் சரிவைக் குறைத்தான். கீழே ஓடைக்குக் கல்மதகு கட்டி, வளைவின் உச்சியில் வைக்கும் சாவிக்கல்லில் தன் பெயரின் முதலெழுத்துகளை வெட்டிவைத்தான். கோச்சுகள் பறந்தன. மார்ஷ்பிரிட்ஜில் வெள்ளைமான் சத்திரத்து லாயம் முழுக்கக் குதிரைகள். எந்நேரம் போனாலும் சேணம் போட்ட ஜோடி ஒன்று தயாராக நிற்கும். அப்பா போகிற இடமெல்லாம், "எம்பய போட்ட ரோடு, தேநீர்க் கோப்பைய மடில வச்சுக்கிட்டுப் போலாம்" என்று பீற்றிக்கொண்டார்.

பிறகு ரயில் வந்தது. சாலை போட்ட கையே தண்டவாளமும் போட்டது. கம்பெனி கூப்பிட்டதும் ஆம்புரோஸ் ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. பாதை முழுக்க முடிகிற வரையில் ஒரு கூத்து நடந்தது. பாதி வழி ரயில், மீதி வழி சாலை என்பதால், கோச்சை அப்படியே தூக்கி ரயிலின் தட்டை வண்டியில் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். காவலர் இறங்கக் கூடாது. தபாலை விட்டு நகர அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே எங்கள் அப்பா, சிவப்புக் கோட்டும் கொம்புமாக, குதிரை இல்லாத கோச்சின் உச்சியில் உட்கார்ந்து ரயிலில் போனார். அந்தக் கட்டும் ஏற்பாட்டை வரைந்து கொடுத்தது அவருடைய சொந்த மகன்.

"எத்தனையோ வருஷம் குதிரை சாணிய வாரி எறிஞ்சுச்சு, தொடச்சுக்கிட்டேன்" என்று அப்பா ஒருநாள் சாப்பாட்டில் சொன்னார். "இப்ப நெருப்புப்பொறி விழுது. கோட்டுல ஓட்டை. நீதான்டா எனக்குப் புதுக்கோட்டு வாங்கித் தரணும்."

"கொஞ்ச நாள்தான்பா. அப்புறம் கோச்சே இருக்காது" என்றான் ஆம்புரோஸ். ஆறுதல் சொன்னதாகத்தான் அவன் நினைப்பு. ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சொன்னான்.

கோச்சு போனது, பின்னாலேயே அப்பாவும் போனார். அவருடைய சேவைக்காக என்று தார்ன்லோ தபால் அலுவலகத்தை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு பென்னித் தபால்தலை வந்த சமயம் அது. அதற்கு முன்பு கடிதம் வாங்குகிறவன்தான் காசு கொடுக்க வேண்டும். பாதிப்பேர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று என் கையிலேயே திணிப்பார்கள். பென்னித் தலை வந்ததும் ஊரே எழுத ஆரம்பித்துவிட்டது. பைகள் வீங்கின. பையை ஏற்றி இறக்க மெயில் ரயில் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்று நின்று போனது. கம்பெனிக்காரர்களுக்கு அதுதான் தலைவலி.

அப்போதுதான் வலை வந்தது. ரயிலின் பக்கவாட்டில் இரும்புக் கையும் வலையும். தண்டவாளத்துக்கு அருகே ஒரு கம்பம். கம்பத்தில் பையை மாட்டினால், ஓடுகிற ரயிலின் வலை அதை அள்ளிக்கொண்டு போகும். ரயிலிலிருந்து தொங்கவிட்ட பை, கீழே தரையில் கட்டிய வலைக்குள் வந்து விழும். வலையைக் கண்டுபிடித்தது ஆம்புரோஸ் இல்லை. ஆனால் எங்கள் பாதையில் அதை ஒழுங்காக வேலை செய்ய வைத்தவன் அவன்தான். ஆரம்பத்தில் பைகள் அடி தாங்காமல் வெடித்தன. ஒருநாள் தார்ன்லோ மேய்ச்சல் நிலம் முழுக்கக் கடிதங்கள் பறந்து, வக்கீல் நோட்டீஸ் ஒன்றைப் பசுமாடு தின்றுவிட்டது.

பையைச் சரி செய்தது அவன் மனைவி செலினா. சேணம் தைக்கிறவரின் மகள். தோலை இரண்டு மடிப்பாக மடித்து, மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசியில் எதிரெதிராகக் கோத்து, அவள் அப்பா குதிரைக்கு வார் தைப்பதுபோலத் தைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு ஒரு பையும் வெடிக்கவில்லை. கம்பெனி ஆம்புரோஸைக் கூப்பிட்டுக் கைகுலுக்கியது. செலினாவுக்கு விரலில் காய்ப்பு மிஞ்சியது. "கைகுலுக்கி என்னத்தப் பண்ண டார்கஸ்? அவரு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாருல்ல, அது போதும்" என்பாள். எனக்கு வாய்த்த அண்ணி அப்படிப்பட்டவள். இந்த உலகத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதியும் அவள்தான்.

வலை சரியானதும், ஆம்புரோஸ் கம்பெனிக்கு ஒரு யோசனை எழுதினான். நிற்காமலே தபாலை எடுக்க முடியும்போது மெயில் எதற்குத் தார்ன்லோவில் நிற்க வேண்டும்? ஏறி இறங்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். நிறுத்தத்தை எடுத்துவிட்டால் லண்டன் தபால் சீக்கிரம் சேரும். கம்பெனி மகிழ்ச்சியோடு எடுத்துவிட்டு, மெயில் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தது. ஊர் கொதித்தது. பாதிரியாரின் கூடத்தில் கூட்டம் போட்டு அவனை வரவழைத்தார்கள். வந்து நின்றான், சொந்த ஊர் என்ற கூச்சம் துளிகூட இல்லாமல்.

ரொட்டிக்கடை டக்கெட்டின் மனைவிதான் முதலில் எழுந்தாள். "கடுதாசி இறங்குது சரி. மனுஷன் எப்படி இறங்குறது? எங்களையும் தோல்பையில போட்டுத் தச்சு வலையில எறிவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆம்புரோஸ் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்குக் காலைல நிக்கிற வண்டி இருக்கு. ரயில் ஊருக்காக நிக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு ஊருக்கும் நிக்கணும். ஒருத்தருக்காக நிறுத்துனா எல்லாருக்காகவும் நிறுத்தணும்."

"அவசரம்னா?"

"அவசரம்னு சொல்லாதவன் யாரு?"

அதே இலையுதிர் காலத்தில், மாவுமில்லில் வேலை பார்த்த ஒரு இளைஞனின் கை பல்சக்கரத்தில் மாட்டி நசுங்கியது. எக்ஸிட்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான். எங்கள் ரயில் நிலையத்துப் போர்ட்டர் ஏனோக்கு பிட்மன் யாரையும் கேட்கவில்லை. கைகாட்டியைச் சிவப்புக்குத் திருப்பினான். மெயில் நின்றது, பையனை ஏற்றினார்கள். கை போனது, உயிர் பிழைத்தது. மறுநாள் ஆம்புரோஸே நேரில் வந்து ஏனோக்கின் தொப்பியிலிருந்து கம்பெனி வில்லையைக் கழற்றி வாங்கினான். பாதையில் ஆபத்து இருந்தால் மட்டுமே சிவப்பு, மற்றபடி மெயிலுக்கு முன்னால் சிவப்புப் போடுகிறவனுக்கு வேலை இல்லை என்று சுற்றறிக்கையும் போட்டான். கைகாட்டியின் பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னான், சாவி இன்ஸ்பெக்டரிடம். ஏனோக்கு ஒரு கழுதையும் வண்டியும் வாங்கி, விறகு ஏற்றிப் பிழைக்கத் தொடங்கினான். என்னைப் பார்த்தால் முன்போலவே தொப்பியைத் தொடுவான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அடுத்த ஜூன் மாதம்.

ஆம்புரோஸுக்கு வேலை பிரிஸ்டலில், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். நானும் செலினாவும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்கு வெகுநாளாகக் குடலிறக்கம் உண்டு. துணிப்பட்டை கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்று விடியற்காலையில் அது இறங்கிச் சிக்கிக்கொண்டது. வாந்தி, வலி, மூச்சு விட முடியவில்லை. எங்கள் டாக்டர் ஹேன்காக் வந்தார். வயதானவர், நல்ல மனுஷர். அழுத்திப் பார்த்தார், வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் தன் கைகள் இரண்டையும் எனக்கு முன்னால் நீட்டினார். இரண்டும் நடுங்கின.

"கத்தி வைக்கணும்மா. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் வச்சா அது கொலை. பிரிஸ்டல்ல சர்ஜன் லிங்கார்டு இதுல கில்லாடி. பொழுது சாயுறதுக்குள்ள வந்தாருன்னா நிச்சயம் தப்பிச்சுடுவா. ராத்திரி தாண்டுனா உள்ள குடல் அழுகிடும். அப்புறம் யாரு வந்தும் பிரயோஜனமில்ல."

தந்திக் கம்பி எங்கள் பக்கம் அப்போது வரவில்லை. காலையில் நிற்கும் வண்டி போய்விட்டது. ஆனால் பிரிஸ்டல் பக்கம் போகும் மெயில் வரவேண்டியிருந்தது. ஆம்புரோஸுக்கு நாலு வரி கிறுக்கிப் பையில் போட்டு, நானே ஓடிப்போய்க் கம்பத்தில் மாட்டினேன். வலை சடாரென்று அள்ளிக்கொண்டு போனது. சொல்லக் கூடாது என்று பார்க்கிறேன், ஆனால் அன்று அந்த வலையை நான் வாழ்த்தினேன். மதியத்துக்கு முன்பே கடிதம் அவன் மேசையில். அப்பா காலத்தில் அது இரண்டு நாள் சமாச்சாரம். அவனும் சும்மா இருக்கவில்லை. ஓடிப்போய்ச் சர்ஜனைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கத்திப்பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு இழுத்து வந்துவிட்டான். மாலை மெயில் புறப்படத் தயாராக நின்றது.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் மெயில் டிரைவர் ஹனிபன். பிறகு வெகுகாலம் கழித்து என் கவுன்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார், சொல்லும்போதே அழுதார்.

"வீட்டுல சீக்குன்னு கேள்விப்பட்டேன்யா. தார்ன்லோவுல ஒரு நிமிஷம் நிறுத்தவா?" என்று கேட்டாராம்.

"உத்தரவு இருக்கா?"

"நீங்க எழுதிக் குடுத்தா அதான்யா உத்தரவு. மெயில் விஷயத்துல உங்க கையெழுத்துக்கு மேல யாரு கையெழுத்து இருக்கு? துண்டுத் தாள்ல பென்சிலால ஒரு கோடு இழுத்துக் குடுங்க, போதும்."

ஆம்புரோஸ் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தே விட்டானாம். எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றானாம்.

"ஏனோக்கு பிட்மனை எதுக்கு வேலைய விட்டு எடுத்தேன்?"

"அதை ஏன்யா இப்ப?"

"அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா ஹனிபன்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தனைக் கேப்பேன்?"

"சட்டத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்யா. வீட்டம்மாவ இன்னைக்குத்தானே பாக்கணும்."

ஆம்புரோஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மார்ஷ்பிரிட்ஜில் இறங்கலாம், வெள்ளைமானில் ஜோடிக் குதிரை பிடிக்கலாம், தான் போட்ட நல்ல சாலை, பதினான்கு மைல், எட்டு மணிக்குள் வீடு. பொழுது சாய அதற்கு மேலும் நேரம் இருக்கிறது. கணக்கு அழகாக ஒத்துவந்தது. "நேரமாச்சு. வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

தார்ன்லோவில் நான் பிளாட்பாரத்தில் நின்றேன். பையை மாட்டிவிட்டேன். ஊரில் பாதி அங்கே வந்துவிட்டது. செலினாவுக்காக வந்தவர்கள் சிலர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர். புதுப் போர்ட்டரிடம், "கைகாட்டியச் சிவப்புக்குத் திருப்புப்பா" என்று கெஞ்சினேன். அவன் சங்கிலியைத் தூக்கிக் காட்டினான். "பூட்டியிருக்கும்மா. பூட்டச் சொன்னது உங்க அண்ணன்தான்."

"அட, நிக்கும் பாருங்க" என்றாள் டக்கெட்டின் மனைவி. "ஊரான் பிள்ளைக்குன்னாதான் சட்டம். தன் பொண்டாட்டின்னா ரயிலுக்குத் தானா கால் மடங்கும்."

"நிக்கட்டும். நின்னதுக்கப்புறம் எங்க குடும்பத்தையே வச்சு ஏசுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றேன். நிற்கும் என்றுதான் நானும் நம்பினேன். கட்டின மனைவிக்காக நிறுத்த மாட்டானா ஒருத்தன்?

வந்தது. விசில் அடித்தது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. வலை என் பையை அள்ளியது. அவர்களுடைய பை தரை வலையில் தொப்பென்று விழுந்தது. ஒரு சன்னலில் ஆம்புரோஸ். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்திருந்தான். பக்கத்தில் மடியில் பெட்டியோடு ஒரு கனத்த மனிதர், அவர்தான் சர்ஜனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், போய்விட்டார்கள். என்னிடமிருந்து நாலு கை தூரத்தில், என் செலினாவின் உயிர் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து போயிற்று.

டக்கெட்டின் மனைவிதான், "அடப்பாவி மனுஷா!" என்றாள். அதில் கேலி இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். திறந்தால் மேலாகவே அவனுடைய கடிதம், ரயிலில் எழுதியது. 'சர்ஜன் என்னுடன் இருக்கிறார். மார்ஷ்பிரிட்ஜில் இறங்கி, வெள்ளைமானில் வண்டி பிடித்து, எட்டு மணிக்குள் வந்துவிடுவோம். வெந்நீர் தயாராக இருக்கட்டும்.' வெள்ளைமான் மூடி வருஷங்கள் ஆயிற்று. ரயில் வந்த பிறகு அங்கே யாருக்குக் குதிரை வேண்டும்? லாயத்தில் கோழி வளர்க்கிறார்கள். மார்ஷ்பிரிட்ஜ் முழுக்கத் தேடினாலும் கசாப்புக்காரனின் நொண்டிக் குதிரை ஒன்றுதான். சுங்கச்சாலை டிரஸ்ட் திவாலாகி, சாலையில் ஆளுயரத்துக்குப் புல். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. ஆம்புரோஸுக்குத் தெரியாது. அந்தச் சாலைக்குக் குறுக்கே அவன் எத்தனையோ தடவை ரயிலில் பறந்தானே தவிர, அதில் கால் வைத்ததே இல்லை.

வாசலில் ஏனோக்கு நின்றுகொண்டிருந்தான். நான் வாய்விட்டுப் படித்தது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் கழுதை வண்டி மார்ஷ்பிரிட்ஜ் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

செலினா கண்ணைத் திறந்தாள். "சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாரா?"

"கடுதாசி வந்துருக்கு அண்ணி. வந்துக்கிட்டே இருக்காங்களாம்."

"கடுதாசி இறங்கிடுச்சு. அவரு இறங்கலையா?"

அவள் கையை நீட்டிப் பையைக் கேட்டாள். கட்டிலில் வைத்தேன். விளிம்போரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். "தையல் பிரியல பாரு" என்றாள். அதன்பிறகு அவள் தெளிவாகப் பேசியது கொஞ்சம்தான்.

அந்தப் பக்கத்தில் நடந்தது ஏனோக்கு சொல்லித்தான் தெரியும். மார்ஷ்பிரிட்ஜில் இறங்கியதும் ஆம்புரோஸ் சத்திரத்துக்கு ஓடியிருக்கிறான். ஆணி அடித்த கதவைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறான். ரயில் நிலையத்தில் ஒரு தனி எஞ்சின் கேட்டிருக்கிறான். மெயில் பாதையில் எஞ்சின் ஓட்ட பிரிஸ்டல் அலுவலக முத்திரையோடு எழுத்து உத்தரவு வேண்டும் என்று, அவனே போட்ட இன்னொரு சுற்றறிக்கையை அவனுக்குப் படித்துக் காட்டினார்களாம். சர்ஜன் லிங்கார்டு, "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற கதையா இருக்கேய்யா! வீட்டு வாசலைத் தாண்டியா என்னைக் கூட்டிட்டு வந்தே?" என்று நடுத்தெருவில் கத்தியிருக்கிறார். கடைசியில் கசாப்புக்காரனின் வண்டியும் அந்த நொண்டிக் குதிரையும். ஃபர்ஸ் மேட்டுக்குக் கீழே, ஆம்புரோஸ் கட்டிய மதகு இடிந்து ஓடைக்குள் கிடந்தது. சக்கரம் இறங்கி அச்சு முறிந்தது. இருட்டில், தன் பெயர் வெட்டிய கல்லை மிதித்துக்கொண்டு அவன் ஓடையைக் கடந்தான். நடந்தார்கள். சர்ஜனோ கனத்த உடம்பு. பாதி ராத்திரிக்கு மேல் ஏனோக்கின் லாந்தரைப் பார்த்தார்கள்.

ஆம்புரோஸ் அவனை அடையாளம் கண்டு அப்படியே நின்றுவிட்டானாம்.

"ஏறுங்கய்யா" என்றானாம் ஏனோக்கு. "இது யாரு கூப்பிட்டாலும் நிக்கிற வண்டிதான்."

அவர்கள் வந்தபோது பறவைகள் கத்த ஆரம்பித்துவிட்டன. செலினா அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். சர்ஜன் போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் வந்திருந்தா டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, திறக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் உட்கார்ந்தார். ஆம்புரோஸ் கட்டிலோரம் நின்றான். சேறு முழங்கால் வரை. அழவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"மெயில் தாமதமாகல டார்கஸ்" என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். அண்ணன் என்றும் பார்க்கவில்லை, பிணம் கிடக்கிற அறை என்றும் பார்க்கவில்லை. அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அவன் வேறு ஏதாவது சொல்ல வந்தானா என்று யோசித்திருக்கிறேன். என்னவாக இருந்தால் என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அதையே பிரசங்கமாக்கினார். தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளாத மனிதனாம். ஊர்ப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அவனை அதுவரை வைதவர்கள்கூட, "என்ன இருந்தாலும் நேர்மையான ஆளு" என்று பேச ஆரம்பித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏனோக்குக்குச் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டு, அவனை வேலையில் சேர்த்து, வண்டியை நிறுத்தியிருந்தால் அது நேர்மை. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பைச் செய்து, அதற்கு மனைவியைக் காவு கொடுத்ததற்குப் பெயர் வீம்பு. எங்கள் அப்பாவிடமிருந்து வந்த வீம்பு. சுவரிலிருந்து அந்தப் பாராட்டுக் கடிதத்தைக் கழற்றி அன்றே அடுப்பில் போட்டேன்.

அவன் மேலே மேலே போனான். கப்பல் தபாலுக்குத் துறைமுகம் கட்டினான். கம்பெனி வெள்ளி மைக்கூடு கொடுத்தது. மறு கல்யாணம் செய்யவில்லை, ஊருக்கும் வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குக் கடிதம் வரும், பையில் விழும். நான் பதில் போட்டதில்லை. தார்ன்லோ நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு ஊர் மூன்று தடவை மனு எழுதியது. மூன்று தடவையும் கம்பெனி அவனுடைய பழைய யோசனைக் குறிப்பையே நகலெடுத்து அனுப்பியது.

சென்ற மாதம் அவன் பிரிஸ்டலில் செத்தான். செலினாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தானாம். மறுநாள் பையில் எனக்குக் கறுப்பு விளிம்பு போட்ட கடிதம் வந்து விழுந்தது. காலமான திரு. கெல்லவேயின் ஒப்பற்ற சேவையைக் கௌரவிக்கும் வகையில், வியாழக்கிழமை மாலை மெயில் தார்ன்லோவில் நின்று சவப்பெட்டியை இறக்கும் என்று இயக்குநர்கள் தீர்மானித்திருக்கிறார்களாம். இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை ஊரே பிளாட்பாரத்தில். மெயில் மெதுவாக வருவதை எங்கள் ஊர் இளவட்டங்கள் பார்த்ததே இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது, நான் பை மாட்டுகிற கம்பத்துக்கு நேராக. ஏனோக்கு நரைத்த தலையோடு கழுதை வண்டியைக் கொண்டுவந்திருந்தான். இது வேறு கழுதை.

"உன்னை யாரு கூப்பிட்டா ஏனோக்கு?" என்றேன்.

"யாரும் கூப்பிடல. வேற எவன் வண்டி வரும் இவருக்கு?" என்றான். பிறகு ரயில் பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தான். "இதுக்கு நிக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்."

சவப்பெட்டியை இறக்கினார்கள், கனமாக இருந்தது. ரயில் கார்டு இளம் வயசுக்காரன். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, மரியாதையாகத்தான் சொன்னான், "நாலு நிமிஷம் குடுத்திருக்காங்கம்மா. அதுக்கு மேல ஆகாது."

"அவளுக்கு ஒரு நிமிஷம் போதுமா இருந்துச்சுப்பா" என்றேன்.

யாருக்கு என்று அவனுக்குப் புரியவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டுக் கொடியை அசைத்தான்.